வாசகர் கேள்விகள்: காலி இருக்கையைப் பற்றி எழுதியவர்

சென்ற இதழில் ஒரு தேர்தல் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 'ஜனநாயகத்தில் அதிகாரத்தின் இடம் காலியாகவே இருக்கிறது' என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் க்ளோத் லெஃபோர் சொன்னதைப் போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த மாதப் பக்கம் அவருக்கே.

கே: யார் இந்த லெஃபோர்? அரசியல்வாதியா, பேராசிரியரா? (வாசகி, கும்பகோணம்)

ப: முதலாவதாகத் தொடங்கி இரண்டாவதாக முடிந்தவர். பிறந்தது பாரீஸில், 1924இல். பதினேழு வயதில் கார்னோ லீசேயில் படித்துக்கொண்டிருந்தார். லீசே என்றால் நம் மேல்நிலைப் பள்ளி மாதிரி. ஊர் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம். அங்கே தத்துவப் பாடம் எடுத்தவர் மெர்லோ-பொந்த்தி. பிற்பாடு பெரிய பெயர். அன்றைக்கு அவரும் முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வாத்தியார்தான். ஒருநாள் இவரைக் கூப்பிட்டு, அரசியலில் ஆர்வமுண்டா என்று கேட்டிருக்கிறார். அப்புறம், ட்ராட்ஸ்கியைத் தெரியுமா என்றிருக்கிறார். ஸ்டாலினோடு மோதி நாடு கடத்தப்பட்ட ரஷ்யப் புரட்சித் தலைவர் அவர். தெரியாது என்றான் பையன். தெரிந்திருந்தால் நீ ட்ராட்ஸ்கியவாதியாகத்தான் இருந்திருப்பாய் என்றாராம் வாத்தியார்.

வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. பையன் ட்ராட்ஸ்கியின் புத்தகங்களைத் தேடிப் பிடித்தான், ரகசியக் குழு சேர்த்தான், கட்சியிலும் சேர்ந்தான். நானும் முப்பது வருடம் புதுச்சேரியில் பிரெஞ்சு வினைச்சொல் ரூபங்களைப் பிள்ளைகளை உருப்போட வைத்தவன். என் வாயிலிருந்து வந்து அப்படியே பலித்த ஒரே வாக்கியம் 'நாளைக்கு டெஸ்ட்'.

போர் முடிந்த பிறகு, 1946இல், கிரேக்கத்திலிருந்து வந்திருந்த கஸ்தோரியாதிஸ் என்ற சிந்தனையாளரைச் சந்தித்தார். சோவியத் ரஷ்யா தொழிலாளர் அரசுதான், கொஞ்சம் கெட்டுப்போய்விட்டது, அவ்வளவே என்பது ட்ராட்ஸ்கியவாதிகளின் வாதம். இவர்கள் இருவரும் அதை ஒப்பவில்லை. அங்கே அதிகாரிகளே ஒரு புது வர்க்கமாகி உழைப்பவன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்கள். கட்சியை விட்டு வெளியே வந்து, 1949இல் 'சோஷலிசமா, காட்டுமிராண்டித்தனமா' என்று தனிப் பத்திரிகையே ஆரம்பித்தார்கள். அதில் லெஃபோர் எழுதிய புனைபெயர் க்ளோத் மொந்தால்.

கே: பெயரைத் தவறாக எழுதுகிறீர்கள். லெஃபோர்ட் என்பதே சரி. (திண்டுக்கல்)

ப: கடைசி 'ட்' எழுத்தில் உண்டு, வாயில் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு ஓய்வூதியம் வந்தது.

கே: லெஃபோரை 'சொர்போன் பேராசிரியர்' என்று எழுதியிருந்தீர்கள். சரிபார்த்தீர்களா? (ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சாவூர்)

ப: பார்க்கவில்லை ஐயா, தவறுதான். பாரீஸில் யாராவது தத்துவம் சொல்லிக் கொடுத்தார் என்றால் கை தானாக 'சொர்போன்' என்று எழுதிவிடுகிறது.

அவர் வேலை பார்த்த கதை அத்தனை நேர்கோடாக இல்லை. 1949இல் அக்ரெகாசியோன் என்கிற கடுமையான போட்டித் தேர்வில் தேறினார். முதலில் நீம் நகரத்திலும், பிறகு ரேன்ஸிலும் பள்ளி வாத்தியார். சொர்போனில் குர்விட்ச் என்ற சமூகவியலாளரிடம் உதவியாளராகக் கொஞ்ச காலம் இருந்தார், ஒத்துப்போகவில்லை. அங்கிருந்து தேசிய அறிவியல் ஆய்வு மையம். நடுவில் 1953, 54இல் கடல் கடந்து பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகம். 60களின் நடுவில் நார்மாந்தியில் உள்ள கான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆசிரியர். இன்றைக்குப் பிரான்சில் பெயர் பெற்றிருக்கும் சிந்தனையாளர் மார்செல் கோஷே அங்கே அவரிடம் படித்தவர்தான். திரும்ப ஆய்வு மையம். 1976இல்தான் பாரீஸில் சமூக அறிவியல் உயராய்வுப் பள்ளியில் நிலையாக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 52. ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

கே: மூன்று வருடத்தில் ஆய்வேட்டை முடிக்கச் சொல்லி நெருக்குகிறார் என் நெறியாளர். லெஃபோர் எத்தனை வருடம் எடுத்துக்கொண்டார்? (ஆய்வு மாணவர், மதுரை)

ப: இந்தப் பதிலை உங்கள் நெறியாளரிடம் காட்டிவிடாதீர்கள். ஆய்வேடு முடிந்தபோது லெஃபோர் நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். 1972இல் அது புத்தகமானபோது 700 பக்கத்துக்கு மேல் இருந்தது. பொருள், ஐந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி.

தலைப்பைத் தமிழில் சொல்லவே எனக்கு அரை நாள் ஆயிற்று. 'மாக்கியவெல்லி: படைப்பு செய்யும் வேலை' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் படைப்பின்மேல் வேலை செய்கிறார், சரி. அவர் செத்த பிறகு படைப்பு வாசகன்மேல் வேலை செய்ய ஆரம்பிக்கிறது, அது நானூறு வருடமானாலும் நிற்பதில்லை. தலைப்பில் இரண்டும் இருக்கின்றன. அதனால்தான் மாக்கியவெல்லியின் எழுத்துக்குள் போவதற்கு முன்னால், காசிரர், கிராம்ஷி, லியோ ஸ்ட்ராஸ் போன்ற பிற்காலச் சிந்தனையாளர்கள் அவரை எப்படிப் படித்தார்கள் என்பதற்கே நூற்றுக்கணக்கான பக்கம் போகிறது. பொறுமையில்லாதவர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள்.

இறங்காமல் இருந்தால் கிடைப்பது இதுதான். எந்த ஊரிலும் இரண்டு ஆசைகள் உண்டு என்கிறார் மாக்கியவெல்லி. பெரிய மனிதர்களுக்கு அடக்கி ஆள ஆசை. ஜனங்களுக்கு ஆளவேண்டும் என்றுகூட இல்லை, அடங்கிக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். பழைய ரோமில் மேட்டுக்குடியும் எளிய மக்களும் ஓயாமல் மோதியதைப் பலரும் சீக்கு என்று சொல்ல, அந்த மோதலில்தான் ரோமின் சுதந்திரமே பிறந்தது என்றவர் அவர். லெஃபோர் இந்த இடத்தில் ஊன்றி நின்றார். பிளவு என்பது மருந்து போட்டுத் தீர்க்கவேண்டிய நோயல்ல, அதை ஒழித்துக்கட்டப் பார்க்கிற ஆட்சிதான் ஆபத்தானது என்று அங்கிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார். மார்க்ஸோ வர்க்கங்களே இல்லாத ஒரு நாளை எதிர்பார்த்தவர். ஆக, பழைய குருவை விட்டு இவர் விலகிய இடம் எதுவென்று எனக்குப் புரிந்தது மாக்கியவெல்லியின் வழியாகத்தான்.

நடுவில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மெர்லோ-பொந்த்தி 1961இல் ஐம்பத்து மூன்று வயதில் திடீரென்று இறந்துபோனார். மேசையில் கிடந்த முடியாத கையெழுத்துப் பிரதியைச் சீர்செய்து, 'காணப்படுவதும் காணப்படாததும்' என்று 1964இல் வெளியிட்டவர் அந்தப் பழைய மாணவர். சொந்த ஆய்வேட்டை ஓரமாக வைத்துவிட்டு வாத்தியார் கையெழுத்தோடு மல்லுக்கட்டுவது லேசில்லை.

கே: ட்ராட்ஸ்கியில் ஆரம்பித்து வலதுசாரி ரேமோன் அரோனிடம் போய் ஆய்வு செய்தவர். கட்சி மாறி என்று சொல்லலாமா? (கோவில்பட்டி)

ப: சமூகவியலாளர் அரோன்தான் நெறியாளர், கான் பல்கலைக்கழக வேலை கிடைக்க உதவியவரும் அவரே. ஆனால் அரோனின் அரசியலுக்கு இவர் போகவில்லை. தன் கருத்துக்கு மாறான மாணவனைத் தூக்கிவிட்ட பெருமை அரோனுக்குத்தான் போகவேண்டும்.

மற்றபடி லெஃபோர் விலகிக்கொண்டே இருந்தவர் என்பது உண்மை. 1953இல் தத்துவவாதி சார்த்தரோடு அந்தச் சார்த்தர் நடத்திய பத்திரிகையிலேயே மோதினார். தொழிலாளி வர்க்கம் என்றால் கம்யூனிஸ்ட் கட்சிதான் என்கிற மாதிரி சார்த்தர் எழுதப்போக, தொழிலாளியின் அனுபவத்தைக் கட்சி கடன் வாங்கிப் பேச முடியாது என்றார் இவர். சார்த்தர் காரமாகப் பதில் எழுதினார். 1958இல் கஸ்தோரியாதிஸோடும் பிரிவு. தாங்களே ஒரு கட்டுக்கோப்பான அமைப்பாகவேண்டும் என்றார் நண்பர். அதிகார வர்க்கத்தைத் திட்டிவிட்டு நாமே தலைமைக் குழு போட்டு உட்கார்ந்தால் கதை திரும்ப அங்கேயேதான் வரும் என்றார் இவர். பதவி கிடைக்கும் பக்கம் தாவுகிறவனைத்தான் நம் ஊரில் கட்சி மாறி என்போம். இவர் ஒவ்வொரு தடவையும் இருந்த இடத்தையும் விட்டுவிட்டுப் போனார். பத்து வருடம் கழித்து, 1968 மே மாதம் பிரான்சில் மாணவர்களும் தொழிலாளர்களும் கிளர்ந்தெழுந்தபோது, அதே கஸ்தோரியாதிஸோடும் சமூகவியலாளர் எட்கர் மோரானோடும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கே: இருக்கை காலி என்கிறார். அப்புறம் ஏன் இத்தனை பேர் அதற்கு முட்டி மோதுகிறார்கள்? (ஆட்டோ ஓட்டுநர், சேலம்)

ப: காலியாக இருப்பதால்தான் முட்டி மோத முடிகிறது. அரசன் உட்கார்ந்திருந்தவரை போட்டி ஏது?

லெஃபோர் சொல்வதைப் பிரான்சை வைத்தே பார்க்கவேண்டும். அங்கே அரசனுக்கு இரண்டு உடம்பு என்று ஒரு பழைய நம்பிக்கை. ஒன்று செத்துப்போகும், மற்றொன்று சாகாது, அதுதான் நாடு. இதை வரலாற்றாசிரியர் கான்டரோவிச்சிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். நெல்லும் நீரும் அல்ல, மன்னனே உலகத்துக்கு உயிர் என்று பாடிக் கேட்ட நமக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. 1793 ஜனவரி 21ஆம் தேதி பதினாறாம் லூயியின் தலை விழுந்தபோது, அந்த இரண்டாவது உடம்பும் போயிற்று. அதிகாரம் என்னவோ மிச்சமிருந்தது. ஆனால் நாடு என்பது இந்த உடம்புதான் என்று காட்ட ஒருவரும் இல்லை. வருகிறவர் தவணைக்கு உட்காரலாம், தனது என்று பட்டா போட முடியாது.

இதில் அவர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மக்களே எஜமானர் என்று சொல்கிற அந்தத் தேர்தல் நாளில்தான் மக்கள் என்கிற உருவமே கலைந்து வெறும் எண்ணிக்கையாகிறது. வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் எண்ணும் பணிக்குப் போயிருக்கிறேன். மேசைமேல் கொட்டினால் எல்லாம் மடித்த காகிதம். ஊர்ப் பெரியவருடையது எது, அவர் வீட்டு மாடு மேய்ப்பவருடையது எது என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது. கட்டுக் கட்டாகக் கட்டி எண்ணிக்கொண்டே இருந்தோம். அன்றைக்கு லெஃபோரை நான் படித்திருக்கவில்லை.

அந்தக் காலி இடம் சிலருக்குப் பொறுக்காது. கட்சிதான் மக்கள், தலைவர்தான் கட்சி என்று அதை அடைத்துவிடப் பார்ப்பார்கள். அப்படி ஒரே உடம்பாகிவிட்ட நாட்டில் மாறுபட்டவன் எதிர்க்கட்சிக்காரன் இல்லை, உடம்பில் புகுந்த கிருமி. ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சின் சோவியத் சிறை முகாம்களைப் பற்றி எழுதிய 'குலாக்' நூலைப் பற்றி லெஃபோர் 1976இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'கூடுதலாக ஒரு மனிதன்'.

கே: அந்த 700 பக்கத்தை நீங்கள் முழுதாகப் படித்தீர்களா? உண்மையைச் சொல்லவும். (புதுச்சேரி)

ப: உள்ளூர்க்காரர் கேட்கிறீர்கள், பொய் சொல்ல முடியாது. ஞாயிறு சந்தையில் பழைய புத்தகமாக வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்து 94ஆம் பக்கத்தில் நின்றிருந்தார். என் பென்சில் இப்போது 412இல் இருக்கிறது. நீங்கள் ஆரம்பிப்பதானால் இதைத் தொடாதீர்கள். 1986இல் வந்த அரசியல் கட்டுரைத் தொகுப்பில் ஜனநாயகம் பற்றிய முதல் கட்டுரையைப் படியுங்கள், ஒரு மாலைப் பொழுது போதும்.