அல்டோ 800க்கு ஃபில்டரும் சைலன்சரும் மாற்றினால் இழுவை கூடுமா?

கேள்வி கேட்டவர் மட்டக்களப்பில் அல்டோ 800 ஓடுகிறார். கூம்பு ஃபில்டர், பெரிய குழாய் சைலன்சர், இரிடியம் ஸ்பார்க் பிளக் மூன்றையும் பூட்டினால் கார் வேகமாகுமா என்று கேட்கிறார். சத்தம் கட்டாயம் கூடும். வேகம் கூடினாலும் ஓட்டுகிறவருக்குத் தெரிகிற அளவுக்குக் கூடாது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அது 796 சிசி, மூன்று சிலிண்டர், 6000 ஆர்பிஎம்மில் 48 குதிரைவலு. நாலு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். ஆகவே முழு மூச்சாய்ச் சுற்றும்போதும் நிமிடத்துக்கு 2,400 லீற்றருக்கு மேல் அதற்குக் காற்றுத் தேவையில்லை. கம்பனி போட்டு அனுப்பும் காகித ஃபில்டர் சுத்தமாக இருந்தால் இதைத் தாராளமாக விடும். தடை இல்லாத இடத்தில் தடையை நீக்கி என்ன கிடைக்கப்போகிறது?

சரி, எல்லாம் சேர்ந்து 5 சதவீதம் கூட்டித் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டரைக் குதிரைவலுகூட வராது. அதுவும் 5000 சுற்றுக்கு மேல்தான் வரும். கல்லடிப் பாலம் தாண்டி காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி வழியாகக் கல்முனைக்குப் போகிற வீதியில், ஓட்டோவுக்கும் சைக்கிளுக்கும் நடுவில், யார் 5000 சுற்றில் ஓட்டுகிறார்கள்? இன்னொரு பக்கம் பாருங்கள். வெறும் அல்டோ 700 கிலோவைச் சுற்றி வரும். நாலு பேர் ஏறினால் ஆயிரத்தைத் தொடும். அதில் 70 கிலோ ஆள் ஒருவர் இறங்கினால் 7 சதவீதம் எடை குறையும். அந்த மூன்று சாமானும் தருவதைவிட மாமாவை பஸ்ஸில் அனுப்பிவைத்தால் இழுவை கூடும், செலவும் பஸ் காசு மட்டும்தான்.

கூம்பு ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதிகம் பூட்டுவது அதைத்தான். கார் ஓடி வந்து நின்ற உடனே போனட்டைத் திறந்து பாருங்கள். கம்பனி ஃபில்டர் பெட்டியின் வாய் முன்பக்கத்துக்கு நீண்டு, வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டும் கூம்பு, ரேடியேட்டருக்குப் பின்னால், என்ஜின் சூட்டுக்குள்ளேயே நிற்கும். பக்கத்தில் கையை வைத்தால் அனல் அடிக்கும். 30 பாகை காற்றுக்குப் பதில் 60 பாகை காற்றை இழுத்தால் அதே கொள்ளளவில் சுமார் 9 சதவீதம் காற்றுக் குறைவு. கச்சான் வீசும் மாதங்களில் வெளிக்காற்றே கொதிக்கும்போது சொல்லவே வேண்டாம். அறுவடைக் காலத்தில் வயல் வீதிகளில் பறக்கிற தூசு வேறு. மலிவுக் கூம்பின் துணி அதை எவ்வளவு பிடிக்கும் என்பதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் பெரியம்மாவின் மகனும் இதைப் பூட்டினான். "மச்சான், இப்ப பறக்குது" என்றான். சரி, அளப்போம் என்று வாகரைப் பக்கம் போனோம். வாழைச்சேனை தாண்டினால் ஆளரவம் இல்லாத நேர் வீதி கிடைக்கும். மூன்றாம் கியரில் 40இல் இருந்து முழுதாக மிதித்து 70 வரும் வரைக்கும் ஸ்பீடோமீட்டரை போனில் வீடியோ எடுப்பது, காற்றுக்கு எதிராகவும் காற்றோடும் மாறி மாறி. பிறகு பழைய பெட்டியைப் பூட்டி அதே இடத்தில் அதே வேலை. வீடியோக்களைக் கலந்து போட்டு, எது கூம்பு, எது பெட்டி என்று கேட்டேன். சத்தத்தைக் குறைத்துவிட்டால் அவனால் சொல்ல முடியவில்லை. நீங்களும் சாமான் வாங்க முன்னம் இப்படி ஒரு அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் யாரும் இந்த வேலைக்கு வரமாட்டார்கள்.

சைலன்சரிலும் இதே கதைதான். குழாய் தேவைக்கு மேல் பெருத்தால் புகையின் வேகம் குறைந்து, கீழ்ச் சுற்றில் இருந்த இழுவையும் கொஞ்சம் போகும். புகையைச் சுத்தம் செய்யும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரை வெட்டி எறிந்தால் வருடா வருடம் லைசன்ஸுக்கு முன் செய்யும் புகைப் பரிசோதனையில் மாட்டுவீர்கள். சத்தத்துக்காகப் பொலிஸ் மறிப்பது தனி.

இரிடியம் பிளக் நெடுநாள் உழைக்கும், அதற்காக வாங்கலாம். தேய்ந்த பிளக்கைக் கழற்றிவிட்டுப் போடுவதால் கார் சுறுசுறுப்பாகிறது. சாதாரணப் புதுப் பிளக் போட்டாலும் அதே சுறுசுறுப்புத்தான். 95 ஒக்டேன் பெற்றோலும் உதவாது. ஒக்டேன் என்பது, பெற்றோல் அழுத்தத்தில் முந்திக்கொண்டு வெடித்து என்ஜினைத் தட்டவைக்காமல் தாங்கும் அளவு. 92இல் தட்டாத என்ஜினுக்கு 95 ஊற்றுவது வீண் காசு.

அலோய் றிம் போடப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அல்டோவின் சொந்த டயர் 145/80 ஆர்12. அதை எடுத்துவிட்டு 165/65 ஆர்14 போட்டால் சுற்றளவு 6 சதவீதம் கூடும். எல்லாக் கியரிலும் அந்த அளவுக்கு இழுவை குறையும், சில்லும் பாரமாகும். ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது உண்மையில் 74இல் போவீர்கள். அழகாக இருக்கும், மறுக்கவில்லை.

கார் முந்தி மாதிரி இழுக்கவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால், முதலில் ஜாக் வைத்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு ஒவ்வொரு சில்லையும் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிற அல்டோக்கள் இங்கே நிறைய. கடற்கரை ஊர் உப்புக்காற்று பிரேக்கை அழுத்துகிற கலிப்பரைச் சும்மா விடாது. டயரில் காற்று, அடைபட்ட ஃபில்டர், வழுக்குகிற கிளச், என்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ரொட்டிலில் படிந்த அழுக்கு, இவற்றைப் பார்த்த பிறகு பெரும்பாலும் கேள்வியே இருக்காது.

காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ள கார் என்றால் பதில் மாறும். ஒரே 658 சிசி என்ஜின் வேகன் ஆரில் டர்போ இல்லாமல் 52, டர்போவோடு 64 குதிரைவலு. அந்த 64கூட இந்தச் சிறிய ரகக் கார்களுக்கு ஜப்பான் கம்பனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்சவரம்புதான். அங்கே காரின் கம்ப்யூட்டரில் பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்டினால் நிஜமாகவே இழுக்கும், கியர்பொக்ஸ் எவ்வளவு காலம் தாங்கும் என்பது வேறு பேச்சு. டர்போ இல்லாத 800க்கு அந்த வழி கிடையாது. செங்கலடியால் பதுளைக்கு ஏறும்போது லுணுகலைக்கு மேலே இரண்டாம் கியரில் முனகுவதுதான் பிரச்சினை என்றால், சாமான் வாங்கும் காசைச் சேர்த்து வைத்து இதைக் கொடுத்துவிட்டு 998 சிசி அல்டோ கே10 எடுங்கள். 67 குதிரைவலு, எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.