ஊரில் இருக்கும் அப்புச்சியின் காது மெஷினை வெளியூரில் இருந்தபடி எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: உடுமலை பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கும் 74 வயது அப்புச்சிக்கு, காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். மூன்றே வாரத்தில் அது பீரோவுக்குள் போய்விட்டது. நான் பெங்களூரில் இருக்கிறேன். போனிலேயே பழக்கிவிட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் "கேக்குதுங்களா அப்புச்சி?" என்று தினமும் கூப்பிட்டுக் கேட்பதில் பயனில்லை. மெஷின் போட்டவருக்குப் போன் பேச்சுதான் ரொம்பச் சிரமம். வாயசைவு தெரியாது, ச, த, ப எல்லாம் தேய்ந்து வரும், 'காசு' என்றால் 'காது' என்று விழும். அதனால் கண்ணால் பார்த்துப் பழகட்டும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அவருடைய மெஷினை வைத்தே நாலு வீடியோ எடுங்கள்: மாட்டுவது, பேட்டரி மாற்றுவது, குறும்பி துடைப்பது, ராத்திரி உலர வைப்பது. ஒரு வீடியோவில் ஒரே வேலை, ஒரு நிமிடம் போதும். எதிரே நின்று எடுத்தால் இடம் வலம் குழம்பும். அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே எடுங்கள். சிவப்புக் குறி வலது காது, நீலம் இடது. அதை மட்டும் கிட்டத்தில் காட்டுங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உருவான 'சீ டு ஹியர்' வீடியோக்களும் இப்படி வேலை வேலையாகப் பிரித்தவைதான். ஆனால் அவை ஆங்கிலம். உங்கள் குரலில் "பேட்டரி ஸ்டிக்கரை உரிச்சுப்போட்டு அஞ்சு நிமிசம் சும்மா வெய்யுங்க" என்றால்தான் அவருக்கு ஏறும்.

அந்த அஞ்சு நிமிடம் எதற்கு? இது காற்றை இழுத்து வேலை செய்யும் துத்தநாக பேட்டரி. உரித்த உடனே உள்ளே போட்டு மூடினால் முழு வேகம் வராது, சீக்கிரமும் தீரும். உரித்ததை மறுபடி ஒட்டி வைத்தாலும் மிச்சமாகாது. கடையில் வேறு அளவைக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் பேட்டரி அட்டையைப் படமெடுத்து அவர் போனில் வையுங்கள்: 312 என்றால் பழுப்பு ஸ்டிக்கர், 13 என்றால் ஆரஞ்சு. மாத்திரை டப்பா பக்கத்தில் வைக்கவே கூடாது, மாத்திரை என்று விழுங்கினால் பெரிய ஆபத்து. சார்ஜ் ஏற்றும் வகையா? சார்ஜர் குழியில் சரியாக உட்கார்ந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் வீடியோ கால். மெஷினைக் கழற்றி கேமரா முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். ஓடும் மெஷினை உள்ளங்கையில் மூடினால் 'கீ' என்று கத்தும். வீடியோ காலில் அந்தச் சத்தத்தைப் போனே இரைச்சல் என்று வடிகட்டிவிடலாம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள். கத்தவில்லையா? முதலில் புது பேட்டரி, பிறகு காதுக்குள் போகும் முனையில் குறும்பி அடைப்பு. அங்கே வெள்ளையாகத் தெரியும் குட்டி வடிகட்டிதான் வேக்ஸ் கார்டு. மாற்றும் குச்சியின் ஒரு முனை பழையதை இழுக்கும், மறுமுனையில் புதியது இருக்கும். ஊசி, ஊக்கு வைத்துக் குத்தினால் ஸ்பீக்கர் போச்சு. காதில் இருக்கும்போதே கத்தினால் அது பழுதாகத்தான் இருக்கும் என்றில்லை. பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை, அல்லது காதிலேயே குறும்பி நிறைந்திருக்கும்.

எண்ணெய்க் குளியலுக்கு முன் கழற்றியாக வேண்டும். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் போடட்டும். அரிசிப் பானை வேண்டாம், தவிட்டுத் தூசி மைக்கில் ஏறும்.

முதல் வாரம் வீட்டுக்குள் இரண்டு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் சந்தைக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போட்டுக்கொண்டு போனவர்கள்தான் கழற்றி வைக்கிறார்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் மோதி 'ஓ'வென்று இரையும், மொபெட்டில் போனால் இன்னும் மோசம். பல மெஷின்களில் காற்றிரைச்சலைக் குறைக்கும் அமைப்பு உண்டு, காதைச் சோதித்து மெஷினைச் சரிசெய்து தரும் ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள்.

ஆடியாலஜிஸ்டே தூரத்திலிருந்து ஆப் வழியாகத் திருத்த முடிகிற மாடலாக இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். புளூடூத், இணையம், பழைய ஆண்ட்ராய்டு போனில் லொகேஷன் அனுமதி, நல்ல சார்ஜ் நான்கும் வேண்டும். "எவர்சில்வர் தட்டுச் சத்தம் மண்டையில அடிக்குது" என்றால் அங்கிருந்தே குறைப்பார். "என் குரல் பானைக்குள்ள பேசற மாதிரி இருக்கு" என்றால் பெரும்பாலும் ரப்பர் முனையை மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்கு நேரில்தான் போக வேண்டும். சீழ் வடிந்தாலோ, ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலோ மெஷினை நோண்டாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.