மிகுபுனைவும் சில்லறைக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் எழுதிவருகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்துள்ளேன். சொந்த ஊரைப் பற்றி எழுதினால் தகவல் திரட்ட வேண்டும், யாராவது கோபித்துக்கொள்வார்கள். கற்பனை உலகில் எதையும் எழுதலாம். நண்பர்கள் இதைத் தப்பித்தல் என்கிறார்கள். யதார்த்தம், மிகுபுனைவு இரண்டில் எது உயர்ந்தது? நாவலுக்கு வரைபடம் அவசியமா?

ச.

அன்புள்ள ச.,

வரைபடம் உங்கள் விருப்பம். விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் கேட்டு வளர்ந்துவிட்டு மிகுபுனைவைத் தப்பித்தல் என்று சொல்லும் நண்பர்களை விட்டுத்தள்ளுங்கள். ‘எதையும் எழுதலாம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நான் மறுபடி படித்துக்கொண்டிருக்கும் ஒரு கதை அந்த வரிக்கு நேர் எதிராக நிற்கிறது.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். அவர் தோன்றுவதற்கு முன்பே கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்றுகொண்டு, டிராமில் போனால் வெற்றிலைக்குக் காலணா மிஞ்சுமா, பஸ்ஸில் கண்டக்டரை ஏய்த்தால் அரைக் கப் காப்பி தேறுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். கடவுள் வந்த பிறகும் அந்தக் கணக்கு அசைந்துகொடுப்பதில்லை. அவர் குடிக்கும் காப்பியிலும் சிக்கரி கலந்துதான் இருக்கிறது; பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு அவர் ஜீவிய சந்தா 25 ரூபாய் கட்ட நேர்கிறது. நகரத்து வறுமையை அப்பட்டமாகக் காட்டும் யதார்த்தக் கதையான ‘பொன்னகரம்’ எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது.

என் பாட்டி முனி கதை சொல்வாள். முனியின் உயரத்தைப் பனைமரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். முனி சுருட்டுக் கேட்டு வழிமறித்ததும், தாத்தாவின் மடியிலிருந்த தீப்பெட்டி மழையில் நமத்துப்போனதும், குச்சிகள் ஒவ்வொன்றாக மருந்து உதிர்ந்து வீணானதும், கடைசிக் குச்சியை அவர் தலைமயிரில் தேய்த்துச் சூடேற்றி உரசியதுமாக மீதிக் கதை முழுவதும் நீளும். முனி நினைத்தால் நெருப்பை வரவழைத்துக்கொள்ளாதா என்று ஒருநாள் கேட்டேன். “அதுக்கு முடிஞ்சா அது ஏன்டா உங்க தாத்தாகிட்ட வந்து நிக்குது?” என்றாள்.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு குதிரைப்படை நாற்பது நாள் பாலைவனத்தைக் கடக்கிறது. குதிரை சாதாரண நாளிலேயே ஏறத்தாழ 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே இல்லை, ஏனென்றால் இளவரசி விரலை அசைத்ததும் ஊற்று பீறிடுகிறது. அப்படியானால் முதல் அத்தியாயத்தில் அவள் நாட்டில் பஞ்சம் எப்படி வந்தது? அங்கே விரலுக்கு என்ன வந்தது? தெருவைப் பற்றி எழுதுகிறவன் தவறினால் தெருவே அவனைத் திருத்தும். உங்களைத் திருத்த ஆளில்லை என்பதால் அதிகம் கணக்குப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். ஆளில்லாததைச் சுதந்திரம் என்கிறீர்கள். நான் அதைச் சோம்பல் என்கிறேன்.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பறக்கும் கப்பலின் கிழிந்த பாயைத் தைக்கும் கிழவி, ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடுகிறாளே, அந்த அரைப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் தகவல் திரட்டப் பயந்து விட்டுவந்த ஊர்க்காரிதான் அவள். ஒரு பாய் தைக்க அவளுக்கு என்ன கூலி என்று எழுதுங்கள். அரண்மனை அதைத் தராமல் இழுத்தடித்தால் இன்னும் நல்லது.