வாசகர் கேள்வி பதில்: எண்பதுகளின் மேற்கத்தியப் பாடல்கள்

எண்பதுகளின் ஆங்கில, ஐரோப்பியப் பாடல்களைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். புதுச்சேரியிலிருந்தும் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களைப் படித்தபோது ஒன்று புலப்பட்டது: பாட்டின் ஓசை எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கிறது, அதன் சொல்லும் பின்னணியும் தெரியவில்லை. பதிவுக் கடையில் காலி கேசட்டைக் கொடுத்துப் பாட்டு நிரப்பி வாங்கிய காலத்தில், அட்டையில் பேனாவால் எழுதித் தந்த தலைப்பைத் தவிர வேறு எந்தத் தகவலும் நமக்குக் கிடைக்காது என்பதால் இதில் வியப்பில்லை.

கேள்வி: கல்யாண பேண்டு செட்டில் முப்பது ஆண்டுகளாக டெனர் சாக்சபோன் வாசித்து வருகிறேன். ஜார்ஜ் மைக்கேலின் 'கேர்லெஸ் விஸ்பர்' தொடக்க இசையை அசல் சுருதியில் வாசித்தால் என் பழைய கருவியில் முதல் சுரமே எட்ட மறுக்கிறது. குறை என் கையிலா, கருவியிலா? (வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: தங்கள் கையில் எந்தக் குறையும் இல்லை ஐயா. அந்தப் பாட்டுக்கு வாசித்த ஸ்டீவ் கிரகரிக்கே இதே சிக்கல் வந்தது.

தொடக்க இசையைத் தாம் விரும்பியபடி வாசிக்கக்கூடியவரைத் தேடி ஜார்ஜ் மைக்கேல் பல கலைஞர்களை அழைத்துப் பார்த்தார். ஒருவர் வாசிப்பும் அவருக்கு நிறைவு தரவில்லை. பிறகு வந்த கிரகரியின் பழைய டெனர் சாக்சபோனில் அந்த உச்ச சுரத்துக்கான விரல் விசை கிடையாது. அதனால் ஒலிப்பதிவு நாடாவின் வேகத்தைக் குறைத்துப் பாட்டின் சுருதியை அரைச்சுரம் கீழே இறக்கினார்கள். அதற்கு இணங்க அவர் வாசித்து முடித்ததும், நாடாவைப் பழைய வேகத்தில் ஓட்டிச் சுருதியை மேலே கொண்டுவந்தார்கள். பேட்டரி தீரும் தறுவாயில் டேப் ரெக்கார்டர் பாட்டை இழுத்து இழுத்துப் பாடும்போது பாடகரின் குரல் கனத்து இறங்குமே, அதே தத்துவந்தான். உலகமே கேட்ட அந்த சாக்சபோன் ஒலி, வாசித்தவர் மூச்சிலிருந்து வந்ததைவிட அரைச்சுரம் மேலே இருக்கிறது.

பாட்டின் பிறப்பும் சொல்லத்தக்கதே. ஜார்ஜ் மைக்கேல் பதினேழு வயதில், இசைத்தட்டு ஓட்டும் வேலைக்குப் பேருந்தில் போகும்போது, சீட்டுக்குக் காசு நீட்டிய நொடியில் அந்த சாக்சபோன் வரி தமக்குள் வந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியுள்ளார். 1983இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், புகழ்பெற்ற தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லரை வைத்து அதை முழுவதுமாகப் பதிவு செய்தார். அது பிடிக்காமல் ஒதுக்கிவிட்டு லண்டனில் மீண்டும் பதிவு செய்ததே 1984இல் வெளிவந்து நம் காதுவரை வந்தது. தங்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: டெனரைவிடச் சிறியதான ஆல்டோ சாக்சபோனை எடுத்தால் அதே சுரம் சிரமமின்றி எட்டும்.

கேள்வி: என் மகளின் திருமண வரவேற்பில் மெல்லிசைக் குழுவினர் 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட விரும்புகிறார்கள். நல்ல காதல் பாட்டுதானே? (வாசகி, நெய்வேலி)

பதில்: மெட்டு அப்படித்தான் நம்பவைக்கும், அம்மா. ஆனால் நீ விடும் ஒவ்வொரு மூச்சையும், வைக்கும் ஒவ்வோர் அடியையும் கவனித்துக்கொண்டே இருப்பேன் என்று அதில் பாடுபவன், பிரிந்து போன பெண்ணை விடாமல் கண்காணிப்பவன். முதல் திருமணம் முறிந்த நாட்களில், ஜேம்ஸ் பாண்ட் கதைகளை இயன் ஃபிளெமிங் எழுதிய ஜமைக்கா வீட்டில் தங்கியிருந்தபோது 'தி போலீஸ்' குழுவின் பாடகர் ஸ்டிங் இதை எழுதினார். இது பொறாமையையும் உடைமை உணர்வையும் பற்றிய பாட்டு என்று அவரே பலமுறை விளக்கியிருக்கிறார். 1983இல் அமெரிக்கப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே குழுவின் ஆண்டி சம்மர்ஸ் வாசித்த கிட்டாரை எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். மணமேடையில் மட்டும் வேறு பாட்டைப் பாடச் சொல்லுங்கள்.

கேள்வி: பில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில், நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றாமல் நின்ற ஒருவரை அவர் பாடுவதாகக் கல்லூரியில் நண்பர்கள் சத்தியம் செய்வார்கள். உண்மையா? (வாசகர், லாஸ்பேட்டை)

பதில்: உண்மையில்லை, காலின்ஸ் மறுத்துவிட்டார். முதல் மனைவி பிரிந்து சென்ற துயரத்தில், ஒலிவாங்கியின் முன் நின்று பெரும்பகுதியை அப்போதைக்கப்போது பாடியதாகவே அவர் சொல்கிறார்.

அந்தக் கட்டுக்கதையைக் காட்டிலும் பாட்டின் டிரம் ஓசைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு பெரியது. பாடகர் பீட்டர் கேப்ரியேலின் மூன்றாவது ஆல்பத்துக்காக லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் காலின்ஸ் டிரம் வாசித்தார். அறைக்குள் இருக்கும் கலைஞர்கள் பேசுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்பதற்காக அங்கே தனியாக ஓர் ஒலிவாங்கி தொங்கியது. மூலையில் மெல்லப் பேசினாலும் கேட்கும்படி, சிறிய ஒலியைப் பெரிதாக்கிப் பெரிய ஒலியை நசுக்கும் கருவி அதில் இணைக்கப்பட்டிருந்தது. காலின்ஸ் டிரம்மைத் தட்டியபோது அந்த ஒலிவாங்கி திறந்திருந்ததால், பொறியாளர் ஹியூ பாட்கமின் காதில் மலை இடிவது போன்ற முழக்கம் விழுந்தது. அந்த முழக்கத்தின் எதிரொலி தேய்ந்து மறைவதற்குள் அதைச் சட்டென்று வெட்டிவிடும் ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். 1980இல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே அதைக் கேட்கலாம்.

1981இல் காலின்ஸ் அதே ஓசையைத் தம் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் ஓர் எந்திரத் தாளம் மட்டும் மெல்லத் துடிக்கிறது. ஏறத்தாழ 3 நிமிடம் 40 வினாடி வரை நம்மைக் காக்கவைத்து, அதன் பிறகே டிரம் இறங்குகிறது. முதன்முதலாக இதைக் கேட்ட இரவில், கேசட் சிக்கிக்கொண்டதோ என்று பதறி நிறுத்து பொத்தானின் மேல் விரலை வைத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எண்பதுகளின் எத்தனையோ பாடல்களில் டிரம் வெடித்து உடனே அடங்குவதற்கு, பேச்சுக்காகத் தொங்கவிட்ட அந்த ஒலிவாங்கியே மூலம்.

கேள்வி: '99 லுஃப்ட்பலோன்ஸ்' குழந்தைப் பாட்டா? (வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: இல்லை. பலூன்களை விண்வெளியிலிருந்து வந்த பறக்கும் தட்டுகள் என்று தவறாக எண்ணிப் போர் மூள்வதைப் பாடுகிறது. 1982இல் மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் பறக்கவிட்ட பலூன்களைப் பார்த்து, நேனா குழுவின் கிட்டார் கலைஞர் கார்லோ கார்கஸ் எழுதியது. ஜெர்மன் மொழியிலேயே அமெரிக்காவில் இரண்டாம் இடம்வரை ஏறியது.

கேள்வி: எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா 1989இல் 'லம்பாடா' கேசட்டைக் கொண்டுவந்து, பிரெஞ்சுப் பாட்டு என்று தந்தார். பிரேசில் பாட்டு என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி? (வாசகர், குருசுக்குப்பம்)

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு, மெட்டின் சொந்த ஊர் பொலிவியா. கொச்சபம்பா நகரைச் சேர்ந்த லோஸ் கர்க்காஸ் குழுவினர் 1981இல் 'யோராந்தோ சே ஃபுவே' என்ற பாட்டை ஸ்பானிய மொழியில் வெளியிட்டனர். 'அழுதுகொண்டே போனாள்' என்பது தலைப்பின் பொருள். மூங்கில் குழல்கள் ஒலிக்கும் நிதானமான ஆண்டிஸ் மலைப் பாட்டு அது. 1984இல் பெருவின் குவார்தெத்தோ கொன்டினென்டல் குழு அதில் அக்கார்டியனைச் சேர்த்து ஆட்டப் பாட்டாக்கியது. 1986இல் மார்சியா ஃபெரெய்ரா அதைப் போர்த்துகீசிய மொழியில் பாடினார். பிரான்சில் தயாரிப்பாளர்கள் உருவாக்கிய காவோமா குழு, பிரேசில் பாடகி லோவால்வா பிராஸின் குரலில் 1989இல் வெளியிட்டதுதான் தங்கள் மாமா கொண்டுவந்தது.

அந்த இசைத்தட்டில் இயற்றியவர் என்று ஒரு புனைபெயர் அச்சிடப்பட்டிருந்தது. மெட்டுக்குரிய உலிசஸ், கொன்சாலோ எர்மோசா சகோதரர்களின் பெயர் இல்லை. அவர்கள் வழக்குத் தொடுத்துத் தங்கள் உரிமையை மீட்டார்கள். என்னைக் கேட்டால் மாமாவின் கேசட்டை ஒருமுறை ஓட்டிவிட்டு, உடனே 1981 பதிவைக் கேளுங்கள். ஆடவைத்த அதே மெட்டு, வேகம் குறைந்து குழலில் வரும்போது, பிரிவைப் பாடுவது மொழி தெரியாமலே விளங்கும்.