இளைஞர் முகாம், சாரணர் இயக்கம் என்று சேர்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு வாழ்க்கைத் திறன் வளருமா, இல்லை நேரம்தான் வீணா?

வளரும். ஆனால் எல்லா இடத்திலும் வளராது.

நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற பிள்ளை இருக்கும், மார்க் குறைந்துவிடுமோ என்கிற பயமும் இருக்கும். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

நான் சாரணர் இயக்கத்தில் இருந்தவன். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூசுகிற ஆள். என்னைப் போய் அணித்தலைவனாக்கினார் எங்கள் ஆசிரியர். ஒரு முகாமில் முதல் ராத்திரியே மழை, கூடாரத்துக்குள் தண்ணீர். பாத்திரம் கழுவுகிற முறை யாருடையது என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆசிரியர் எதிர்க் கூடாரத்து வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அத்தனையும் காதில் விழுந்திருக்கும். போய்ச் சொன்னால், "உன் அணிதானே, நீயே பாரு" என்றார். அவ்வளவுதான்.

வேலைப் பட்டியலை டார்ச் வெளிச்சத்தில் விரித்தேன். மை கரைந்து பாதிப் பெயரைக் காணோம். ஒவ்வொருவனாக உட்காரவைத்து, காலையிலிருந்து என்னென்ன செய்தாய் என்று கேட்டு, புதிதாக எழுதினோம். கேட்டுக்கொண்டே வந்ததில், சண்டை போட்டவர்களில் ஒருவன் தன் முறைதான் என்று தானே சொல்லிவிட்டு எழுந்து போனான்.

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல் எல்லாம் அதில் வரும். பிறகு அதைப் படித்தபோது, பாதிக்கு மேல் அந்த ஈரக் கூடாரத்திலேயே பார்த்தாயிற்றே என்று தோன்றியது. இது தற்செயல் இல்லை. சாரணர் இயக்கத்தை உருவாக்கிய பேடன் பவல், 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமிலேயே பையன்களைச் சிறு சிறு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு பையனைத்தான் பொறுப்பாக வைத்தார். பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் கை வைக்கக் கூடாது. விஷயமே இதுதான்.

'முகாமுக்குப் போகாதவன் உருப்படவில்லையா?' என்று யாராவது கிளம்பி வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. விளையாட்டு அணியிலும் கிடைக்கும், வீட்டுப் பொறுப்பைச் சுமக்கிற பிள்ளைக்கு இன்னும் சீக்கிரமே கிடைக்கும். எனக்கு இங்கே கிடைத்தது.

ஒருநாள் 'ஆளுமை வளர்ச்சி' வகுப்புகளை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். மைக் பிடித்து ஒருவர் பேசுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள், சாயங்காலம் சான்றிதழ். சேர்க்கும் முன் நடத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இங்கே பிள்ளைகள் எதைத் தாங்களே முடிவு செய்வார்கள்? பதிலுக்கு நிகழ்ச்சி நிரலை நீட்டினால் கிளம்பிவிடுங்கள்.

அந்தச் சான்றிதழ்களோடுதான் வேலைக்கும் வருகிறார்கள். ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறவன் என்பதால் சொல்கிறேன். 'தலைமைப் பண்பு' என்று எழுதியிருப்பார்கள், எங்கே காட்டினாய் என்றால் முழிப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிஜமாகவே குழுவை நடத்திக் காட்டிய பெண்களிடம் மட்டும், "ஆம்பளைப் பசங்க உன் பேச்சைக் கேட்டாங்களா?" என்று விசாரிக்கிறார்களே எங்கள் குழுவின் பெரியவர்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அது வேறு கதை. யாராவது தனிக் கேள்வியாகப் போடுங்கள், வந்து கொட்டுகிறேன்.