அமெரிக்கா வந்த அப்பாவுக்கு இன்சுலின் தீரப் போகிறது, எங்கே வாங்குவது?

கேள்வி: டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, ரொம்ப வருடமாகச் சர்க்கரை. மிக்ஸ்டார்ட் 30/70 இன்சுலினைப் பாட்டிலிலிருந்து எடுத்து காலை 20, இரவு 12 யூனிட் போட்டுக்கொள்கிறார். கூடவே கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, டெனெலிக்ளிப்டின் ஒன்று. மூன்று மாதத்துக்குத்தான் கொண்டுவந்தோம், இன்சுலின் சீக்கிரம் தீர்ந்துவிடும். விசிட்டர் இன்சூரன்ஸில் பழைய நோய்க்குக் கவர் இல்லை. ஒரு பாட்டில் 300 டாலர் ஆகும் என்று ஆபீஸில் பயமுறுத்துகிறார்கள். ஊரிலிருந்து கூரியரில் வரவழைக்கலாமா? ஊசி மட்டும் நிறைய மீதி இருக்கிறது.

பதில்: விலையை அப்புறம் பார்ப்போம், முதலில் ஒன்று: ஊர் இன்சுலின் தீர்ந்ததும் அந்த மீதி ஊசிகளை அப்பா கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். நம்மூரில் பாட்டிலில் விற்கும் இந்த வகை இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அமெரிக்காவில் அதே 10 மில்லி பாட்டிலில் மில்லிக்கு 100 யூனிட் இருக்கும். ஊசியும் அதற்கேற்ப வேறு, 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. அப்பா பழக்கதோஷத்தில் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி. இங்கே வாங்கிய மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட் உள்ளே போகிறது, அதாவது இரண்டரை மடங்கு! இந்த வயதில் அவ்வளவு போனால் சர்க்கரை தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இங்கே இன்சுலின் வாங்கும் அன்றே, அதே கவுன்ட்டரில், 100 யூனிட் ஊசிப் பெட்டியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். முதல் இரண்டு நாள் அவர் மருந்தை இழுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அளவு மாறாது, அதே 20, அதே 12 யூனிட்தான், ஆனால் பார்வைக்கு மருந்து கொஞ்சமாகத் தெரியும். "என்னடா இவ்வளவுதானா" என்று அவர் கூடுதலாக இழுத்துவிடக் கூடாது.

சரி, விலை. 300 டாலர் என்று நீங்கள் கேள்விப்பட்டது சில வருடங்களுக்கு முந்தைய அனலாக் (மாற்றியமைத்த புதிய வகை) இன்சுலின் விலை. 2023-லும் 2024 தொடக்கத்திலும் லில்லி, நோவோ நார்டிஸ்க், சனோஃபி மூன்று கம்பெனிகளுமே பல இன்சுலின்களின் விலையை நன்றாகக் குறைத்துவிட்டன. அப்பா போடுவது அனலாக் இல்லை, பழைய வகை ஹியூமன் இன்சுலின். அது வால்மார்ட் பார்மசியில் ரிலையான் நோவோலின் 70/30 என்ற பெயரில் 10 மில்லி பாட்டில் சுமார் 25 டாலருக்குக் கிடைக்கும், டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் டாக்டர் சீட்டே வேண்டாம். அலமாரியில் இருக்காது, பார்மசிஸ்டிடம் கேட்டால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருவார். 30/70-ஐ இங்கே 70/30 என்று திருப்பி எழுதுவார்கள், கலவை ஒன்றுதான். ஆனால் நோவோலாக் மிக்ஸ் 70/30 என்று பெயர் போட்டிருந்தால் அது வேறு மருந்து, எண்ணைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். ஒரு பாட்டிலில் 1000 யூனிட், அப்பாவுக்கு நாளைக்கு 32, கணக்குக்கு ஒரு மாதம் வரும். கார் டேஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள், டெக்சாஸ் வெயிலில் இன்சுலின் கெட்டுப்போகும்.

மாத்திரைக்கு இங்கே சீட்டு கட்டாயம், கோயம்புத்தூர் டாக்டர் எழுதியது செல்லாது. கலவை மாத்திரையை இரண்டாகப் பிரித்து, மெட்ஃபார்மின் தனி, கிளிமிபிரைடு தனி என்றுதான் எழுதுவார்கள். இரண்டுமே மலிவு, வால்மார்ட்டின் 4 டாலர் பட்டியலில் மெட்ஃபார்மின் பல வருடமாக இருக்கிறது. டெனெலிக்ளிப்டின் அமெரிக்காவில் அனுமதி பெறாத மருந்து, எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே வகை வில்டாக்ளிப்டினும் அப்படித்தான். அதற்குப் பதில் என்ன கொடுப்பது என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். டாக்டருக்கு அலைய வேண்டாம், கம்யூனிட்டி ஹெல்த் சென்டருக்குப் போங்கள், வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். அவசரமென்றால் அர்ஜென்ட் கேர் கிளினிக், ஆனால் உள்ளே போகும் முன்னாலேயே கையிலிருந்து கட்டினால் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். மருந்து வாங்கும்போது குட்ஆர்எக்ஸ் என்ற தள்ளுபடி இணையதளத்தின் கூப்பனைக் காட்டுங்கள், இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு நிஜமாகவே உதவுகிறது.

கூரியரைப் பொறுத்தவரை மாத்திரைக்குச் சரி, இன்சுலினுக்கு வேண்டாம், வழியில் சூட்டில் என்ன ஆனதென்று பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர் தன் சொந்த உபயோகத்துக்கு மருந்தைத் தபாலில் வரவழைக்க எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) வழி வைத்திருக்கிறது. பார்சலுக்குள் அவருடைய பாஸ்போர்ட், விசா நகல்கள், டாக்டர் கடிதம், ஆங்கிலத்தில் சீட்டு எல்லாம் இருக்க வேண்டும். கஸ்டம்ஸில் நின்றுவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும், அதனால் கையில் இருப்பது தீரும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவின் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பும் முடியப் போகிறது. அதே கம்பெனி ஸ்ட்ரிப் இங்கே கிடைக்கிறதே, வாங்கலாமா? அடுத்த மாதம் டொரான்டோவில் இருக்கும் தங்கை வீட்டுக்கும் போகிறார்கள்.

பதில்: ஒரே கம்பெனியாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு மாடல் வேறு, இங்கத்திய ஸ்ட்ரிப் அந்த மீட்டரில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. வால்மார்ட்டின் சொந்த பிராண்டு மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள், செலவு ஸ்ட்ரிப்பில்தான், அதிலும் அவர்களுடையது மலிவு. ஆன்லைனில் யாரோ மறுவிற்பனை செய்யும் ஸ்ட்ரிப்பை வாங்காதீர்கள், காலாவதியானதைத் தள்ளிவிடுகிறார்கள்.

டொரான்டோவுக்குப் போகும்போதும் இதே மீட்டரையே எடுத்துப் போகட்டும். அங்கே அளவு மில்லிமோல் கணக்கில் வரும், தங்கையின் மீட்டரில் பார்த்தால் 7.5 என்று காட்டும். 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு, 135. இது தெரியாமல் அப்பா "ஏழா!" என்று பதறிச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது. இன்சுலின் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், கீழே லக்கேஜில் போட்டால் உறைந்துபோக வாய்ப்புண்டு, உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

ஊருக்குத் திரும்பும்போது இங்கே வாங்கிய பாட்டில் மீதி இருந்தால் ஆரஞ்சு மூடி ஊசிகளோடு சேர்த்தே கட்டிக் கொடுங்கள். அந்தப் பாட்டில் தீரும்வரை அதே ஊசிதான். மறுபடி 40 யூனிட் பாட்டில் திறக்கும் அன்று ஆரஞ்சு ஊசிகளை வீட்டைவிட்டே அகற்றிவிடச் சொல்லுங்கள், அதில் 20 கோடு வரை இழுத்தால் அவருக்குப் போவது வெறும் 8 யூனிட். அடுத்த முறை வருவதற்கு முன், பேனா வகைக்கு மாற முடியுமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், யூனிட்டைத் திருகி வைத்தால் போதும், இந்த 40, 100 குழப்பமே வராது.