புஷ் செய்துவிட்ட கமிட்டில் ஹேஷ் மாறாமல் குறிப்பு சேர்க்க முடியுமா?

கேள்வியின் சாரம் இது: கோட் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில், மெயின் கிளையில் ஏற்கெனவே புஷ் ஆகிவிட்ட (பொது சர்வருக்குப் போய்விட்ட) கமிட்டுகளோடு, அதாவது பதிவான மாற்றங்களோடு, டெஸ்ட் முடிவு, ரிவ்யூ விவரம், பின்னால் தெரியவந்த பிழை ஆகிய மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். வரலாற்றைத் திருத்தி எழுத டீமில் அனுமதி இல்லை. கமிட்டோடு தனியாகக் குறிப்பு இணைக்கும் கிட் நோட்ஸை நம்பி இறங்கலாமா?

இறங்கலாம். கிட் நோட்ஸ் இருப்பதே இதற்காகத்தான். 2009 இறுதியில் வெளியான 1.6.6 பதிப்பிலிருந்து அது கிட்டோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். தினமும் கிட்டில் புழங்குகிற பலர் இதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் இது செய்கிற ஒரு வேலையை கிட்டில் வேறு எதுவும் இவ்வளவு நேராகச் செய்வதில்லை.

முதலில், கமிட்டையே திருத்தி எழுதும் அமெண்ட் ஏன் உதவாது என்பதைப் பார்த்துவிடலாம். கோப்புகளின் நிலையைக் காட்டும் ட்ரீ, முந்தைய கமிட்டின் ஹேஷ் (கமிட்டை அடையாளம் காட்டும் எழுத்துச்சரம்), எழுதியவர், கமிட் செய்தவர், நேரம், மெசேஜ் இவை அத்தனையும் சேர்ந்துதான் ஒரு கமிட்டின் ஹேஷ் உருவாகிறது. மெசேஜில் ஒரு கமாவை மாற்றினாலும் ஹேஷ் மாறிவிடும். அதன் மேல் அடுக்கப்பட்ட ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தையதன் ஹேஷைச் சுமந்துகொண்டிருப்பதால், அவையும் வரிசையாக மாறும். அந்தக் கிளையை எடுத்து வேலை செய்கிற எல்லோருக்கும் தலைவலி. இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான சப்வெர்ஷனில் நிலைமை வேறு. அங்கே சர்வரில் அதற்கான ஹூக்கை (தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்டை) வைத்து அனுமதித்தால், பழைய ரிவிஷனின் லாக் மெசேஜையே திருத்திவிடலாம். ஆனால் திருத்துவதற்கு முன் என்ன இருந்தது என்பது அங்கே பதிவாகாது.

கிட் நோட்ஸ் கமிட்டைத் தொடுவதே இல்லை. குறிப்புகள் ‘ரெஃப்ஸ்/நோட்ஸ்/கமிட்ஸ்’ என்ற தனி ரெஃபில் (கிளையைப் போல ஒரு கமிட்டைச் சுட்டும் பெயரில்) உட்காருகின்றன. இதை ஒருமுறை திறந்து பாருங்கள். ஏதாவது ஒரு கமிட்டுக்கு ‘கிட் நோட்ஸ் ஆட்’ கொடுத்துவிட்டு, அந்த ரெஃபின் மேல் ‘கிட் எல்எஸ்-ட்ரீ’ ஓட்டினால் ஒரே ஒரு கோப்பு தெரியும். அதன் பெயர் 40 எழுத்து நீளம். அது நீங்கள் குறிப்பு சேர்த்த கமிட்டின் முழு ஹேஷ்தான். கோப்பின் உள்ளே இருப்பது நீங்கள் எழுதிய வரிகள். அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும். குறிப்புகள் நிறைய சேரும்போது, ஒரே இடத்தில் குவியாமல் இருக்க ஹேஷின் முதல் இரண்டு எழுத்தை டைரக்டரி பெயராக வைத்துப் பிரித்துக்கொள்ளும். அந்த ரெஃபுக்கென்று தனி வரலாறும் இருப்பதால், ஒரு குறிப்பை யார் எப்போது சேர்த்தார், யார் திருத்தினார் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும். இந்த எளிமைதான் எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக எந்த மாயமும் இல்லை, கிட்டுக்கு ஏற்கெனவே தெரிந்த கோப்பு, ட்ரீ, கமிட் மட்டும்தான்.

இனி, இதை எதற்குப் பயன்படுத்துவது என்பதற்கு வருகிறேன். என் பதிலின் மையமே இதுதான்.

ஒரு கமிட்டுக்குத் தனக்கு முன் நடந்தது மட்டும்தான் தெரியும். பிழையைத் திருத்தும் கமிட், பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டைச் சுட்டிக்காட்டலாம். லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே ‘ஃபிக்ஸஸ்’ என்ற வரி இருக்கிறது. பழைய கமிட்டின் ஹேஷில் குறைந்தது முதல் 12 எழுத்தையாவது அதில் போட வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் பழைய கமிட்டைப் படிக்கிறவருக்கு ‘இது பின்னால் இந்தக் கமிட்டில் திருத்தப்பட்டது’ என்று சொல்ல வழியில்லை. அந்தக் கமிட் எழுதப்பட்டபோது திருத்தம் பிறக்கவே இல்லை. நோட்ஸ் அந்த எதிர்த்திசைச் சுட்டலைத் தருகிறது. கமிட் உறைந்துபோன பிறகு அதைப் பற்றி உலகத்துக்குத் தெரியவந்ததை எழுத இதுவே இடம்.

ஒரு நல்ல உதாரணம் பைசெக்ட், அதாவது பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை. பழைய வரலாற்றில் பைசெக்ட் ஓட்டும்போது, பிழைக்கும் தேடலுக்கும் சம்பந்தமே இல்லாமல் நடுவில் ஒரு கமிட் பில்ட் ஆகாமல் நிற்கும். டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஒரு மைக்ரேஷன் கோப்பு விட்டுப்போயிருக்கும், அடுத்த கமிட்டில் வந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒருவர் அரை மணி நேரம் செலவழித்து, ‘ஸ்கிப்’ கொடுத்து நகர்ந்துவிடுவார். சில மாதம் கழித்து வேறொருவர் அதே கமிட்டில் வந்து நின்று, அதே அரை மணி நேரத்தைச் செலவழிப்பார். நாங்கள் இப்போது அப்படிப்பட்ட கமிட் ஒவ்வொன்றிலும் இரண்டு வரி வைக்கிறோம்: ‘இந்தக் கமிட் தனியாக பில்ட் ஆகாது, மைக்ரேஷன் கோப்பு அடுத்த கமிட்டில் உள்ளது, பைசெக்டில் ஸ்கிப் செய்யவும்.’ கூடவே எழுதியவர் பெயரும் தேதியும். அடுத்து வருகிறவர் அங்கே நின்றதும் ‘கிட் லாக்’ அடித்தால், மெசேஜுக்குக் கீழே ‘நோட்ஸ்’ என்ற தலைப்பில் அது தானாகத் தெரியும்.

பெயரும் தேதியும் ஏன் கையால் எழுத வேண்டும்? லாக்கில் குறிப்பு மட்டும்தான் தெரியும், எழுதியவர் யார், எப்போது என்பது தெரியாது. அந்த விவரம் நோட்ஸ் ரெஃபின் வரலாற்றுக்குள் புதைந்து கிடக்கும். யாரும் போய்த் தோண்ட மாட்டார்கள். குறிப்பிலேயே இருந்தால் ஒரு பார்வையில் போதும்.

இன்னொரு நல்ல விஷயம்: லாக்கில் நோட்ஸ் காட்டப்படும்போது, ‘கிரெப்’ ஆப்ஷனோடு தேடினால் குறிப்பில் உள்ள சொற்களும் அகப்படும். ‘பைசெக்டில் ஸ்கிப்’ என்று தேடினால் அப்படிப்பட்ட கமிட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதனால் குறிப்புகளில் ஒரே மாதிரி சொற்களைப் பழகிக்கொள்வது பலன் தரும்.

இப்போது சிக்கல்கள். நிறையப் பேர் இதை முயன்று கைவிட முக்கியக் காரணம் இது: குறிப்புகள் தாமாகப் பயணம் செய்யாது. சாதாரண புஷ் அவற்றை அனுப்பாது, சாதாரண குளோன் அவற்றைக் கொண்டுவராது. நீங்கள் சிரத்தையாக எழுதிக்கொண்டே இருப்பீர்கள், உங்கள் கணினியைத் தாண்டி ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். புஷ் செய்யும்போது ‘ரெஃப்ஸ்/நோட்ஸ்/கமிட்ஸ்’ என்று ரெஃபின் பெயரைச் சொல்லியே அனுப்ப வேண்டும். எடுக்கிற பக்கம், ஒவ்வொருவரும் தம் கான்ஃபிகில் ஆரிஜினுக்கு (பொது சர்வருக்கு) இன்னொரு ஃபெட்ச் வரி, அதாவது எதை எடுக்க வேண்டும் என்று சொல்லும் வரி, சேர்க்க வேண்டும். அந்த வரியில் ஒரு கவனம் தேவை. பல இடங்களில் ‘ரெஃப்ஸ்/நோட்ஸ்/*’ என்பதை முன்னால் கூட்டல் குறியோடு அதே இடத்துக்கு இழுக்கச் சொல்லியிருப்பார்கள். கூட்டல் குறி இருந்தால், நீங்கள் எழுதி இன்னும் புஷ் செய்யாத குறிப்புகளின் மேல் சர்வரில் உள்ளது வந்து உட்கார்ந்துவிடும். நான் பரிந்துரைப்பது ‘ரெஃப்ஸ்/நோட்ஸ்/ஆரிஜின்’ என்பதன் கீழ் தனியாக இழுத்து, பிறகு ‘கிட் நோட்ஸ் மெர்ஜ்’ செய்வது. கிளைகளுக்கு நாம் செய்வதும் அதுதானே. இந்த அமைப்பை ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதி ரெப்போவிலேயே வைத்து, டீமில் சேர்கிறவர் முதல் நாளே ஓட்டும்படி செய்யுங்கள். அதைச் செய்ய மனமில்லையென்றால் நோட்ஸைத் தொடங்கவே வேண்டாம் என்பேன்.

இருவர் வெவ்வேறு கமிட்டுக்குக் குறிப்பு எழுதினால் மெர்ஜில் எந்தத் தகராறும் வராது. ஒரே கமிட்டுக்கு இருவரும் எழுதினால்தான் முட்டும். அதற்கு மெர்ஜ் கட்டளையிலேயே உத்தி தேர்ந்தெடுக்கலாம். ‘யூனியன்’ இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டும். ‘கேட்_சார்ட்_யுனிக்’ ஒட்டி, வரிகளை அகரவரிசைப்படுத்தி, இரட்டிப்பை நீக்கும். வரிக்கு ஒரு தகவல் என்று இயந்திரம் எழுதுகிற குறிப்புக்கு இரண்டாவது அருமையாகப் பொருந்தும். மனிதர் எழுதிய பத்தியில் அதை ஓட்டினால் வாக்கியங்கள் கலைந்து அர்த்தமே போய்விடும்.

அடுத்த சிக்கல் ரீபேஸ், அதாவது கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் புதிதாக அடுக்குவது. குறிப்பு பழைய ஹேஷோடு கட்டப்பட்டிருக்கிறது. ரீபேஸோ அமெண்டோ செய்தால் புதுக் கமிட் குறிப்பில்லாமல் வெறுமையாக நிற்கும். ‘நோட்ஸ்.ரீரைட்ரெஃப்’ என்ற கான்ஃபிகில் உங்கள் நோட்ஸ் ரெஃபைக் கொடுத்தால் இரண்டின்போதும் குறிப்பும் கூடவே நகலாகும். அதற்கு இயல்புநிலை மதிப்பு எதுவும் இல்லை, நீங்களாகக் கொடுத்தால்தான் உண்டு. ஒரு கமிட்டை மட்டும் வேறு கிளைக்கு எடுக்கும் செரி-பிக்குக்கு இது உதவாது, ‘கிட் நோட்ஸ் காப்பி’ என்று நீங்களே நகலெடுக்க வேண்டும். இணையத்தில் பட்டன் அழுத்தி ஸ்குவாஷ் மெர்ஜ் (பல கமிட்டை ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்தால் சர்வரில் புது ஹேஷ் பிறக்கிறது, உங்கள் கான்ஃபிக் அங்கே எட்டாது. ஆகவே மெயினில் சேர்ந்து ஹேஷ் நிலைத்த கமிட்டுக்கு மட்டும் குறிப்பு எழுதுவது நல்ல பழக்கம். உங்கள் நிலைமையில் வரலாற்றைத் திருத்தவே தடை இருப்பதால், இந்தத் தொல்லை உங்களுக்குக் குறைவு.

கிட்ஹப் 2010-இல் கமிட் பக்கத்தில் நோட்ஸைக் காட்டத் தொடங்கி, 2014-இல் நிறுத்திவிட்டது. ஆக, பிரவுசரில் மட்டும் வரலாறு பார்க்கிறவர்கள் உங்கள் டீமில் அதிகம் என்றால் அவர்களுக்கு இது போய்ச் சேராது. டெர்மினலில், ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் ‘கிட் பிளேம்’ ஓட்டினாலும் நோட்ஸ் தெரியாது, அங்கிருந்து ‘கிட் ஷோ’வுக்குப் போனால்தான் தெரியும்.

நோட்ஸில் வைக்கக் கூடாதவை இரண்டு. மாற்றத்துக்கான காரணம் முதலாவது. ‘ஏன் இப்படி மாற்றினேன்’ என்பது கமிட் மெசேஜில்தான் இருக்க வேண்டும். நோட்ஸ் இருக்கிறதே என்று மெசேஜை அரைகுறையாக எழுதும் பழக்கம் வந்துவிட்டால், அந்த ரெஃப் இல்லாமல் குளோன் செய்தவர் கையில் காரணமில்லாத வரலாறுதான் இருக்கும். இரண்டாவது, அத்தாட்சியாக நிற்க வேண்டிய எதுவும். கமிட்டில் நீங்கள் போட்ட டிஜிட்டல் கையொப்பம் குறிப்பை உள்ளடக்காது. புஷ் உரிமை உள்ள யாரும் குறிப்பை மாற்றலாம், அதற்கப்புறமும் கையொப்பம் செல்லுபடியாகவே காட்டும். பாஸ்வேர்ட் போன்றவற்றையும் தவறிக்கூட எழுதிவிடாதீர்கள். ‘கிட் நோட்ஸ் ரிமூவ்’ கொடுத்தாலும் அந்த ரெஃபின் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும்.

உங்கள் மூன்று தேவைகளுக்கு நேரடியாக வருகிறேன். டெஸ்ட் முடிவுகளை மனிதர் எழுதும் குறிப்போடு கலக்காதீர்கள். ‘ரெஃப்’ ஆப்ஷன் கொடுத்து அவற்றுக்குத் தனி நோட்ஸ் ரெஃப் வையுங்கள், டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ சர்வர் மட்டும் அதில் எழுதட்டும். வரிக்கு ஒரு முடிவு, ‘ஆட்’டுக்குப் பதில் ‘அப்பெண்ட்’. ஏற்கெனவே குறிப்பு உள்ள கமிட்டில், எழுத வேண்டியதைக் கட்டளையிலேயே வைத்து ‘ஆட்’ கொடுத்தால் மறுத்துவிடும், வலுக்கட்டாயமாகக் கொடுத்தால் பழையதை அழித்துவிடும். லாக்கில் இயல்பாகத் தெரிவது ஒரு ரெஃப் மட்டும்தான் என்பதால் இந்த வரிகள் யார் கண்ணையும் உறுத்தாது. வேண்டியவர் ‘நோட்ஸ்’ ஆப்ஷனில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம், எப்போதும் வேண்டுமென்றால் ‘நோட்ஸ்.டிஸ்ப்ளேரெஃப்’ கான்ஃபிகில் போட்டுக்கொள்ளலாம்.

பின்னால் தெரியவந்த பிழைகள் இயல்பான ரெஃபிலேயே போகட்டும், மேலே சொன்ன பைசெக்ட் குறிப்புகளோடு சேர்த்து. அவை மனிதர் கண்ணில் பட வேண்டியவை.

ரிவ்யூ விவரத்துக்கு மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். யார் ரிவ்யூ செய்தார் என்பது மெர்ஜுக்கு முன்பே தெரிகிற தகவல். அதை ‘ரிவ்யூட்-பை’ என்று மெசேஜின் கடைசியில் ட்ரெய்லர் வரியாகப் போட்டுவிட்டால் ஹேஷுக்குள்ளேயே அடங்கிவிடும், எந்தக் குளோனிலும் தொலையாது. கெர்ரிட் என்ற ரிவ்யூ கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ரிவ்யூ வாக்குகளை ‘ரெஃப்ஸ்/நோட்ஸ்/ரிவ்யூ’வில் எழுதும் பிளகின் அதற்கு இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, அந்த ரெஃபை ஃபெட்ச் செய்துகொண்டாலே போதும், நீங்கள் கையால் எதுவும் எழுத வேண்டியதில்லை.